அயல் என்ஜின்களைக் குறிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் டெஹாச்சபி மலைப்பாதையில், நீண்ட சரக்கு ரயில் தன் வாலுக்கு மேலேயே ஏறிச் செல்லும் அந்த வளையத்தருகே, சென்ற மாதம், என்னைப் போலவே ரயில்களைப் பார்த்துக் குறித்துவைக்கும் ஓர் இளைஞர் தம் குறிப்பேட்டைக் காட்டினார். பிஎன்எஸ்எஃப் ரயில் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற என்ஜின்கள் நான்கு இழுத்துச் சென்ற கன்டெய்னர் ரயிலுக்கு நேரே ‘அயல் என்ஜின் 4’ என்றும், அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில் இரண்டாவதாக வந்த யூனியன் பசிபிக் என்ற மற்றொரு நிறுவனத்தின் மஞ்சள் நிற என்ஜினுக்கு நேரே ‘சொந்தம்’ என்றும் எழுதியிருந்தார். இரண்டுமே தவறு. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதிவந்தேன். தண்டவாளத்தை நெருங்கக் கூடாது என்பது போன்ற யாவரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பாதை யாருடையது என்று பார்த்து முடிவு செய்தல்

இந்தப் பாதை 1996-இல், அதன் பழைய உரிமையாளரான சதர்ன் பசிபிக் நிறுவனத்தோடு சேர்ந்து யூனியன் பசிபிக்கின் கைக்கு வந்தது. ஆனால் 1899 முதலே சான்டா ஃபே நிறுவனம் ஒப்பந்தத்தின்படி இதில் தன் ரயில்களை ஓட்டியது. அந்த உரிமை இன்று அதன் வழிவந்த பிஎன்எஸ்எஃபிடம் இருக்கிறது. எனவே ஆரஞ்சு என்ஜின்கள் இங்கே அன்றாடம் ஓடுபவை.

ஒரு நிறுவனத்தின் ரயிலை இன்னொரு நிறுவனத்தின் என்ஜின் இழுத்தால்தான் அது அயல் என்ஜின். ரயிலைக் கைமாற்றும் இடத்தில் என்ஜினைக் கழற்றி நேரத்தை வீணாக்காமல் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அதற்கான கடனைக் குதிரைத்திறன்-மணியில் (என்ஜினின் குதிரைத்திறனை அது தங்கிய மணிகளால் பெருக்கி) கணக்கு வைத்து, பிறகு தம் என்ஜினை அனுப்பி அடைக்கிறார்கள். 4,400 குதிரைத்திறன் உள்ள என்ஜின் ஒரு முழு நாள் தங்கினால் கடன் 1,05,600. அப்படி வரும் நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் கறுப்பு என்ஜின் அயல். பிஎன்எஸ்எஃப் ரயிலில் பூட்டப்பட்ட மஞ்சள் என்ஜினும், தன் சொந்தப் பாதையிலேயே ஓடினாலும், அந்த ரயிலுக்கு அயல்தான்.

இது தெரியாமல் மூன்று ஆண்டுகள் எழுதிய குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. என்ஜின் எண், நேரம், திசை எல்லாம் அவற்றில் உண்டு. ரயில் எந்த நிறுவனத்தினுடையது என்ற ஒன்று மட்டும் இல்லை. அதனால் அவற்றைத் திருத்தக்கூட வழியில்லை. இன்றும் அவற்றைப் புரட்டினால் எரிச்சல்தான் வருகிறது.

ரயில் ஊழியர்கள் பேசும் ரேடியோவைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முதல் என்ஜினின் நிறுவனத்தையும் எண்ணையும் சொல்லித்தான் ரயிலை அழைப்பார்கள். முதலில் இருப்பதே அயலானால் ரேடியோவும் திசைதிருப்பும். ஐயம் இருந்தால், பாதை பிரியும் மொஹாவி ஊருக்குச் சென்று பாருங்கள்: பார்ஸ்டோ பக்கம் பிரிவது பெரும்பாலும் பிஎன்எஸ்எஃப் ரயில், பாம்டேல் பக்கம் இறங்குவது பெரும்பாலும் யூனியன் பசிபிக் ரயில்.

வண்ணத்தை நம்புதல்

யூனியன் பசிபிக்கின் 1996 எண் என்ஜின் சதர்ன் பசிபிக்கின் பழைய வண்ணத்தை நினைவூட்டும். தான் இணைத்துக்கொண்ட நிறுவனங்களின் நினைவாக யூனியன் பசிபிக் வண்ணம் பூசிய ஆறு என்ஜின்களில் அது ஒன்று. இணைந்த ஆண்டே அதன் எண். அதை அயல் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் உரிமையாளரைக் குறிக்கும் எழுத்துகளைப் படியுங்கள். அவை எக்ஸ் (X) என்று முடிந்தால், அந்த என்ஜினின் உரிமையாளர் ரயில் நிறுவனமே அல்ல. பெரும்பாலும் அது வாடகை என்ஜினாக இருக்கும்.

முன் என்ஜின்களோடு நிறுத்திக்கொள்ளுதல்

ஏற்றத்தில் நடுவிலும் வாலிலும் என்ஜின்கள் இருக்கும். கடைசிப் பெட்டி போகும்வரை நில்லுங்கள்.

வீட்டுக்குப் போய் எழுதுதல்

கூடாது.