பட்டாளத்தில் மாண்டவரின் ஊரைத் தேடிச் சேலம் வருவோருக்கு

கடல் கடந்த போர்முனையில் உயிர்விட்ட பாட்டனாரின் நினைவாகச் சேலம் வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, அவருடைய கல்லறை எங்கே என்பதைத்தான். அது இங்கே இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட இந்திய வீரர்களின் உடல்கள் தாயகத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. இந்துக்கள் இறந்த மண்ணிலேயே எரியூட்டப்பட்டார்கள், அவர்களுடைய பெயர்கள் அந்நாடுகளின் நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டன. சிங்கப்பூரின் கிராஞ்சியில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்களும், யாங்கோனுக்கு அருகிலுள்ள தௌக்கியானில் ஏறத்தாழ 27,000 பெயர்களும், பிரான்சின் நெவ் சாப்பலில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்களும் உள்ளன. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் தேடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அங்குள்ள முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் இந்தியாவுக்குள் இறந்து, பராமரிக்க இயலாத இடங்களில் புதைக்கப்பட்டவர்களுக்கு உரியது.

ஆகவே இங்கே தேட வேண்டியது அவருடைய ஊரை. அந்தத் தேடலை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயர், படை எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றோடு, சில வீரர்களுக்குத் தந்தை அல்லது மனைவியின் பெயரும் ஊரும் கிடைக்கும். பெயரை ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், முனுசாமியை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேட நேரிடலாம். படைப்பிரிவின் வழியாகத் தேடுவதே விரைவானது. பெயர் அகப்படாவிட்டால் மனம் தளர வேண்டாம். முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் குறைந்தது 45,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அந்த ஆணையம் அமைத்த குழுவே 2021இல் தெரிவித்தது.

பதிவேட்டில் ‘சேலம்’ என்றிருப்பதை இன்றைய சேலம் மாவட்டம் என்று கொள்வதுதான் வழக்கமாக நேரும் தவறு. அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது: தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன; தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. எனவே ‘சேலம் ஜில்லா’ வீரரின் உறவினர் ஊத்தங்கரையிலோ ராசிபுரத்திலோ இருக்கக்கூடும். சங்ககிரியைச் ‘சங்கரிதுர்க்’ என்று எழுதிய காலம் அது. சேர்வராயன் மலைச் சிற்றூர்களைத் தேடுவோர் ஏற்காட்டில் தங்கி விசாரிப்பதே வசதி. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற வேண்டியிருப்பதால், நாள்தோறும் போய்வந்து விசாரிப்பது அலுப்பூட்டும்.

வீட்டில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். இந்திய வீரர்களுக்கு வழங்கப்பட்டவற்றில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அருள்கூர்ந்து அதைப் பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய எழுத்துதான் முதலில் தேயும்.

ஊருக்குள் சென்றதும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பதில் தவறில்லை. மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உண்டு. ஆயினும் குலதெய்வக் கோயில் பூசாரியையும், திண்ணையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களையும் அணுகுவதே அதிகப் பலன் தரும் என்பது என் எண்ணம். “ஐயா, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் யாருடைய வீட்டில்?” என்று கேளுங்கள், ஊருக்கு அவர் ‘பட்டாளத்துக்காரர்’ என்றே நினைவில் இருப்பார், பதிவேட்டுப் பெயர் தெரியாமலிருக்கலாம். பங்காளிகள் இருந்தால், நீங்கள் நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தச் சந்தேகம் தீராமல் பழைய பெட்டி எதுவும் திறக்கப்படாது.

திதி கொடுக்க விரும்புவோர் புரட்டாசி மகாளய பட்சத்தில் பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையும், ஆயுதத்தால் மாண்டவர்களுக்கு அதற்கு முந்தைய சதுர்த்தசியும் உரியவை. நீர்க்கடனுக்கு மேட்டூரில் காவிரிக் கரை இருக்கிறது. கிறித்தவக் குடும்பத்தினருக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.

நினைவாக ஏதேனும் நிறுவ எண்ணுவோர், இந்த வட்டாரத்தின் பழைய வழக்கமான, மாண்ட வீரனுக்கு நடும் நினைவுக் கல்லான நடுகல்லை நினைத்துப் பார்க்கலாம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல நடுகற்கள் காட்சிக்கு உள்ளன. அப்பகுதி ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று இன்றும் வழிபடுகிறார்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளில் எதிலும் வீரனின் உடல் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பொது இடமானால் உரிய அனுமதி தேவை. சொந்தத் தோட்டத்தின் மூலையானால் பங்காளிகளின் சம்மதம் போதும். கல் தச்சரிடம் கொடுக்குமுன், பெயரை வீட்டார் எப்படிச் சொல்வார்களோ அப்படியே தமிழில் எழுதி, மூத்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.