பீட்டர் மெக்வில்லியம்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்காட்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரரும் பிறகு ஸ்பர்ஸ் (லண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர்) மேனேஜருமான பீட்டர் மெக்வில்லியம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது 1928-இல்தான். 1927-இல் ஸ்பர்ஸ் மேனேஜர் வேலையை விட்டு மிடில்ஸ்பரோவுக்குப் போனார், அடுத்த சீசனிலேயே மிடில்ஸ்பரோ கடைசி இடத்துக்குப் போய், அப்போது இங்கிலாந்து லீகின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது, ஆக ஆள் தேறவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். அந்த சீசனின் புள்ளிப் பட்டியலில் ஒரு வரி மேலே பாருங்கள். மிடில்ஸ்பரோ 37 புள்ளி; அதற்கு மேலே 38 புள்ளியோடு கூடவே இறங்கியது அவர் விட்டுவந்த அதே ஸ்பர்ஸ்! நான்காவது வந்த டெர்பிக்கே 44 தான், அவ்வளவு நெருக்கமான சீசன் அது. மறு வருஷமே மிடில்ஸ்பரோ இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது, ஸ்பர்ஸ் 1933 வரை காத்திருந்தது.

சரி, பணத்துக்காகத்தானே போனார்? ஆமாம், ஸ்பர்ஸில் ஆண்டுக்கு 850 பவுன், அங்கே 1500. கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருந்தால் இருந்திருப்பார் என்பார்கள். அது ஏன் நடக்கவில்லை என்று ஸ்பர்ஸ் நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அவர் மேனேஜராக இருந்த 1915-இல் ஸ்பர்ஸ் முதல் டிவிஷனில் கடைசியாக வந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது. போர் முடிந்ததும் முதல் டிவிஷனை 22 அணிகளாக்கினார்கள், அப்போதும் ஸ்பர்ஸுக்கு இடமில்லை, இரண்டாம் டிவிஷனில் இருந்த ஆர்சனலை ஓட்டுப்போட்டு மேலே ஏற்றினார்கள். மெக்வில்லியம் அணி 1920-இல் 70 புள்ளியோடு முதல் டிவிஷனுக்குத் திரும்பி வந்தது, 1921-இல் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அதை வெம்ப்ளியில் வென்றதாக எழுதாதீர்கள், வெம்ப்ளி திறந்ததே 1923-இல். ஆட்டம் நடந்தது ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில், மழையில் சேறாகிக் கிடந்த மைதானத்தில். டிமாக் அடித்த ஒரே கோலில் வுல்வ்ஸ் தோற்றது. 1910-இல் நியூகாசில் லெஃப்ட் ஹாஃபாக (நடுக்கள இடப்பக்க ஆட்டக்காரராக) அதே கோப்பையை ஜெயித்தவர், இப்போது மேனேஜராகவும் ஜெயித்தார். 1911-இல் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு ஆடும்போது பட்ட காயம்தான் அவர் ஆட்டத்தை முடித்தது, அதை விட்டுவிட்டால் ஏன் அவ்வளவு சீக்கிரம் மேனேஜரானார் என்பது புரியாது.

அப்புறம் ஆர்தர் ரோவ். 1951-இல் 'புஷ் அண்ட் ரன்' (பந்தைத் தள்ளிவிட்டு ஓடி இடம் பிடிக்கும்) ஆட்டத்தால் ஸ்பர்ஸை லீக் சாம்பியனாக்கிய ரோவ், மெக்வில்லியம் அணியில் ஆடியவர் என்று சிலர் எழுதுகிறார்கள். மெக்வில்லியம் காலத்தில் பையனாகச் சேர்ந்தவர் சரி, ஆனால் ரோவ் முதல் அணியில் இறங்கியது மெக்வில்லியம் போன பிறகுதான். மெக்வில்லியம் கையால் முதல் ஆட்டம் கண்டவர் வேண்டுமென்றால், பின்னாளில் ஸ்பர்ஸ் மேனேஜரான பில் நிக்கல்சன் இருக்கிறார்: 1938-இல், மெக்வில்லியம் இரண்டாம் முறை ஸ்பர்ஸுக்கு வந்த சீசனில்.