ஒரே சிலை, ஒரு மணி நேரம்: பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது எப்படி?

மூன்று வருடங்களாக எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறேன். முதல் வருடம் போனது வெறும் சுற்றுலா. அடுத்த வருடம்தான் அது ஓவிய வகுப்பானது. நடுவில் என்ன மாற்றினேன் என்பதை, முதல் தடவை போகப்போகும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். பெற்றோர் ஒப்புதல், சாப்பாடு, முதலுதவிப் பெட்டி இதெல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலை, அதற்குள் போகவில்லை.

அந்த முதல் வருடம் 62 பிள்ளைகள் வந்தார்கள். அமராவதிச் சிற்பம், வெண்கலச் சிலை, நாணயம், விலங்குகள் என்று எல்லாக் கூடங்களையும் இரண்டரை மணி நேரத்தில் சுற்றி முடித்தோம். பிள்ளைகள் நின்றது சிலைக்கு முன்னால்தான், ஆனால் பார்த்தது பெயர்ப்பலகையை. அதை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் ஒரு சிலையைக்கூட யாராலும் நினைவிலிருந்து வரைய முடியவில்லை. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, நான் போட்ட திட்டத்தில் இருந்தது.

படி 1: ஒரே ஒரு சிலையைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றே ஒன்று. மனசு கேட்காவிட்டால் இரண்டு.

எல்லோரும் நடராஜரைத்தான் முதலில் சொல்வார்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார், உலகப் புகழ் பெற்ற சிலை. ஆனாலும் முதல் வகுப்புக்கு அவர் வேண்டாம் என்பேன். காலண்டரிலிருந்து கடைப் பலகை வரை பார்த்துப் பழகியதால், "நடராஜர்" என்று சொன்னதும் பிள்ளைகளின் கண் வேலையை நிறுத்திவிடுகிறது. நான் எடுத்துக்கொண்டது திருவெண்காட்டு அர்த்தநாரி. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. பார்க்கப் பார்க்கத்தான் பிடிபடும்.

இது என் பிடிவாதம் மட்டுமில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற ஊரில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் திறந்தபோது, இடத்துக்கு மேல் பள்ளிகள் விண்ணப்பித்தன. குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். போன பள்ளிகளையும் காத்திருந்த பள்ளிகளையும் ஒப்பிட்டு, 123 பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆய்வு நடந்தது. ஒரு மணி நேரத்தில் அங்கே காட்டியது ஐந்து ஓவியங்கள்தான். வழிகாட்டிகள் குறைவாகப் பேசி, பிள்ளைகளைப் பேசவிட்டார்கள். மேப்பிள் மரச் சர்க்கரை காய்ச்சும் முகாமைக் காட்டும் ஓவியம் ஒன்று. அடிமை உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக அந்தச் சர்க்கரையை அடிமை முறையை எதிர்த்தவர்கள் முன்வைத்தார்கள் என்பது பேச்சுவாக்கில் வந்த தகவல். சில வாரம் கழித்துக் கேட்டபோது, அந்த ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் 88 சதவீதம் பேர் அந்தத் தகவலை நினைவு வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் பரீட்சையும் எழுதவில்லை, குறிப்பும் எடுக்கவில்லை.

படி 2: கடிதம் மட்டும் போதாது, நேரில் போங்கள்

தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் வேண்டும்தான். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பேசுங்கள். (வெள்ளிக்கிழமை விடுமுறை.) மூன்று விஷயம் கேளுங்கள்: அந்தச் சிலை இப்போது காட்சியில் இருக்கிறதா, பிள்ளைகள் தரையில் உட்காரலாமா, கூட்டம் குறைவான நேரம் எது.

நான்காவதாக ஒரு வேண்டுகோள். விளக்கிச் சொல்ல வருகிறவரிடம், "முதல் இருபது நிமிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் பேசட்டும். அப்புறம் அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரு தரப்பும் சேர்ந்து கற்பிப்பது என்றால் எனக்கு இதுதான். பொருளும் புலமையும் அவர்களுடையது, பிள்ளைகளின் வாயைத் திறக்கவைப்பது நம் வேலை. வரிசை மாறினால் வகுப்பு உரையாகிவிடும்.

படி 3: முன்வகுப்பு

ஒரு பீரியட் போதும். ஆளுக்கு ஒரு கையைப் பத்து நிமிடம் பார்த்து வரையச் சொல்லுங்கள். சிலையின் படத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள்.

படி 4: பார்ப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

15 பேராகப் பிரித்து உட்காரவையுங்கள். பெயர்ப்பலகைக்கு முன்னால் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். கேள்விகள் மூன்றுதான்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த பிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை இது.

முதல் கேள்வியைக் கேட்டதும் யாரும் பேச மாட்டார்கள். அந்த அமைதி தாங்காமல் முதல் குழுவுக்கு நானே பதிலைச் சொல்லிவிட்டேன். பதினைந்து முகமும் உடனே என் பக்கம் திரும்பின, அதற்குப் பிறகு சிலையை யாரும் பார்க்கவில்லை. அடுத்த குழுவுக்கு மனசுக்குள் அறுபது வரை எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மிஸ், மூணு கைதான் இருக்கு."

இங்கே இன்னொரு குழி. "சரி", "கரெக்ட்" என்று சொல்லவே கூடாது. ஒருத்தர் பதிலுக்குச் "சரி" போட்டால் மற்றவர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பதில், பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொல்லி அந்த இடத்தைக் கையால் காட்டுங்கள் (தொடாமல்தான்). "மூன்று கை என்கிறாள். எந்தப் பக்கம் எத்தனை?" வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆனது. ஒரு காலில் துணி தொடையோடு நிற்கிறது, இன்னொன்றில் கணுக்கால் வரை இறங்குகிறது என்றான் ஒருவன். ஒரு பக்கம் மட்டும் இடுப்பு வளைகிறது என்றாள் இன்னொருத்தி. "ரெண்டு பேரை ஒட்டவெச்ச மாதிரி இருக்கு, ஆனா ஒட்டு எங்கன்னு தெரியல" என்று ஒரு பையன் சொன்னான். அந்தச் சிற்பியின் திறமையை இதைவிட நன்றாக நான் எங்கேயும் கேட்டதில்லை.

அப்போது விளக்குநரைப் பேசவிடுங்கள். இந்தச் சிலைகளை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி வழிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றினார்கள் என்று அவர் சொன்னார். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். பிள்ளைகள் எழுந்து கிட்டே போய் மறுபடி பார்த்தார்கள்.

படி 5: வரைவது

4பி பென்சில், பரீட்சை அட்டை, ஏ4 தாள். இவ்வளவுதான். எச்பி வேண்டாம், பிள்ளைகள் அழுத்திக் கீறுவார்கள். பேனாவும் ரப்பரும் பள்ளியிலேயே இருக்கட்டும். ரப்பர் இருந்தால் இருபது நிமிடமும் ஒரே மூக்கை அழித்து அழித்து வரைவார்கள். கைப்பேசியை ஆசிரியர்களும் பைக்குள் வைத்துவிடுங்கள். படம் எடுத்த சிலையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

முழு உருவம் வேண்டாம். ஒரு கை, ஒரு காது, துணியின் ஓரம், எதுவானாலும் ஒரு பகுதி.

படி 6: திரும்பி வந்த பிறகு

அதே வாரத்தில் ஒரு வகுப்பு கட்டாயம். "உனக்குத் தெரிந்த ஒருவரை இரண்டு பாதியாகச் செய்" என்று களிமண் கொடுத்தேன். கடையில் விற்கும் வண்ணக் களிமண்ணைவிட ஏரி மண் எனக்குப் பிடிக்கும், விரல் ரேகை நன்றாக விழும். ஒரு பெண் தன் அம்மாவைச் செய்திருந்தாள். வலது கையில் நூறு நாள் வேலை மண்வெட்டி, இடது கையில் கரண்டி. இரண்டு பாதிக்கும் முகம் ஒன்றுதான், சிரித்துக்கொண்டிருந்தது.

பின்சேர்க்கை 1: பணத்துக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன ஆர்கன்சா அருங்காட்சியகம் பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு, மாற்று ஆசிரியருக்கான சம்பளம் வரை நன்கொடை நிதியிலிருந்து கொடுத்தது. நம் ஊரிலும் யாராவது முன்வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் மின்சார ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கி நடந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் வருகிறோம்.

பின்சேர்க்கை 2: "சென்னை எங்களுக்கு எட்டாது" என்று தஞ்சாவூர் ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். வரவே வேண்டாம் டீச்சர். அரண்மனைக் கலைக்கூடத்தில் அதே திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார், ராஜராஜன் காலத்தவர். ஒரு கையைக் காளைமேல் சாய்த்து நிற்கிறார், காளைதான் இல்லை. "இந்தக் கை எதன்மேல் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அறுபது வரை எண்ணுங்கள். அப்புறம் தாளைக் கொடுத்து, அந்தக் காளையை வரையச் சொல்லுங்கள். கையின் உயரத்தைப் பார்த்துத்தான் காளையின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள்.