ஒரு மூட்டை கேழ்வரகு: டவுன் வீட்டில் ஒரு வருடத்துக்கு வைத்துச் சாப்பிடுவது எப்படி

தருமபுரி டவுனில் இருந்துகொண்டு பாக்கெட்டில் ராகி மாவு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பென்னாகரம் பக்கமோ பாலக்கோடு பக்கமோ பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் செம்மண் காடு வந்துவிடும். ஆடியில் விதைத்து, மழையை நம்பி வளர்ந்து, கார்த்திகை மார்கழியில் அறுப்புக்கு வரும் கேழ்வரகு அங்கே இருக்கிறது. அது மூட்டை மூட்டையாக லாரி ஏறி வெளியூர் போகிறது. நம் கடைக்கு எந்த ஊர் மாவு என்று தெரியாத பாக்கெட் வருகிறது. இரண்டு பக்கமும் டீசல் செலவு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை.

இதற்கு நான் கண்ட வழி இதுதான்: மாவாக வாங்காதீர்கள், தானியமாக வாங்குங்கள். மாதாமாதம் வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

முதலில் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு நான்கு வேளை களி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 400 கிராம் மாவு பிடிக்கும். வருடத்துக்கு 80 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். காலைக் கூழையும் சேர்த்தால் 100 கிலோ மூட்டை ஒன்று சரியாக இருக்கும். அவ்வளவு வைக்க இடமில்லை என்றால் பக்கத்து வீட்டோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம். மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு அதுதான் தோது.

வாங்குவதற்குத் தை மாதம் நல்லது. மார்கழியில் அடித்த உடனே வாங்கினால் ஈரம் இருக்கும், எடையில் தண்ணீருக்குக் காசு கொடுப்பீர்கள். தெரிந்த விவசாயி இருந்தால் நேராக அவர் களத்துக்கே போய்விடுங்கள். இல்லாவிட்டால் காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை, போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. இன்னொரு வழியும் உண்டு. உழவர் சந்தையில் கத்தரிக்காயும் கீரையும் விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்களில் பல பேர் வீட்டில் கேழ்வரகு இருக்கும், கேட்க ஆள் இல்லாததால் கொண்டுவருவதில்லை. அடுத்த வாரம் காய் வண்டியிலேயே மூட்டை வந்துவிடும், உங்களுக்குத் தனியாக வண்டி வாடகை கிடையாது.

விலையைப் பொறுத்தவரை, 2025-26 பருவத்துக்குக் கேழ்வரகின் ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. பேச உட்காரும்போது இந்த எண் மனசில் இருக்கட்டும். அதற்குக் கீழே நான் கேட்பதே இல்லை. ராத்திரி காட்டுப் பன்றிக்குக் காவல் கிடந்து விளைவித்த தானியம் அது. சுத்தம் செய்து கொடுக்கிறவருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

மூட்டையைப் பிரித்ததும் மேலாகப் பார்க்காமல் கையை முழங்கை வரை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். உள்ளே சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் ஈரம் போகவில்லை. நான்கு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. மோந்து பாருங்கள். அறுப்பு நேரத்தில் மழையில் நனைந்திருந்தால் பூசண வாடை காட்டிக்கொடுத்துவிடும். அதை எவ்வளவு காய வைத்தாலும் களியில் அந்த வாடை வரும், விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: "அண்ணா, இது களத்துல அடிச்சதா, ரோட்டுல போட்டு அடிச்சதா?" நம் பக்கத்தில் கதிரைத் தார் ரோட்டில் பரப்பி வண்டிகளை ஏறவிட்டு அடிப்பது சாதாரணமாக நடக்கிறது. கூலி ஆள் கிடைக்காத காலத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ரோட்டில் அடித்த கேழ்வரகில் பொடிக் கல் அதிகம் இருக்கும், கூடுதலாக இரண்டு தடவை அரிக்க வேண்டியிருக்கும். தெரிந்து வாங்கினால் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் பழைய புடவையை விரித்து இரண்டு மூன்று வெயில் காய வையுங்கள். தை வெயிலே போதும். சாயங்காலம் அள்ளியவுடன் சூட்டோடு மூடாமல், ராத்திரி ஆறவிட்டுக் காலையில் கொட்டி வையுங்கள். முறத்தில் புடைத்தால் பொக்கும் தூசியும் போகும். மொத்த மூட்டையையும் கழுவ வேண்டாம், அரைக்கப் போகும்போது அந்தந்த அளவை மட்டும் கழுவினால் போதும். மூடி உள்ள தகர டிரம் இருந்தால் எலி தொல்லை இல்லை. டிரம்மை வெறும் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். நடுநடுவே நிழலில் காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ ஒரு கைப்பிடி போடுங்கள். கேழ்வரகு சின்ன மணி, கெட்டியான தோல். அரிசியையும் பருப்பையும் போல அவ்வளவு சீக்கிரம் வண்டு விழாது. நன்றாகக் காய்ந்தது வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். பஞ்ச காலத்துக்கென்று நம் ஊர்களில் இதைச் சேர்த்து வைத்ததற்குக் காரணமே அதுதான்.

மாவாகிவிட்டால் கதை வேறு. மணிக்குள் இருக்கும் எண்ணெய்ச் சத்து காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், கசக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள், மூன்று நான்கு கிலோ போதும். முதல் நாள் இரண்டு பாத்திரம் வைத்து அரித்து, கல் அடியில் தங்கியதும் தானியத்தை மட்டும் வடித்து, ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். மிஷினில் மிளகாய் அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைப் போட விடாதீர்கள், கொஞ்சம் காத்திருந்து தானியம் அரைக்கும் நேரத்தில் கொடுங்கள். சூடாக வரும் மாவை வீட்டில் பரப்பி ஆறவைத்து மூடுங்கள். சலித்துத் தவிட்டைக் கொட்டாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு, அதில் பெரும் பங்கு தோலோடு இருக்கிறது.

களி கிண்டத் தெரியாது என்று சொல்கிற பிள்ளைகளுக்காக இதையும் எழுதுகிறேன். கனமான குண்டானில் மூன்றரை டம்ளர் தண்ணீர் கொதிக்கட்டும். கால் டம்ளர் அரிசி நொய்யைக் கழுவிப் போட்டு, உப்புச் சேர்த்து, குழைய வேகவிடுங்கள். சாமை நொய் கிடைத்தால் இன்னும் ருசி. பிறகு ஒன்றரை டம்ளர் மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிண்டாதீர்கள். கட்டையால் குவியலின் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டால் கொதி அதன் வழியே மேலே வரும். தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம் விட்டு, இறக்கி வைத்து, குண்டானைக் கால்களுக்கு நடுவே துணியால் பிடித்துக்கொண்டு கட்டி இல்லாமல் வேகமாகக் கிண்டுங்கள். திரும்ப அடுப்பில் மூடி வைத்து, குறைந்த தீயில் இன்னும் ஐந்து நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தட்டில் தண்ணீர் தெளித்து உருண்டை பிடியுங்கள்.

தொட்டுக்கொள்ளவும் வெளியூர்ப் பொருள் எதற்கு? மழைக்காலத்தில் கேழ்வரகுக் காட்டுக்குள்ளேயே பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் முளைக்கும். சந்தையில் பாட்டிகள் மடியில் வைத்து விற்பார்கள். இரண்டையும் கலந்து கடைந்தால் களிக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. மார்கழி தையில் பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக் குழம்பு வைக்கலாம். கோடையில் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் சாறு.

இதே டிரம் முறையில் இன்னும் சிலவற்றையும் வைக்கலாம். சாமை, வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் விளைவது. வெள்ளை வெளேரென்று தீட்டியதை வாங்காதீர்கள், மங்கலான நிறத்தில் இருப்பதே சத்துள்ளது. உமி நீக்கிய சாமை சீக்கிரம் கெடும், அதனால் மாதத்துக்கு வேண்டியது மட்டும். மொச்சையும் துவரையும் வருடம் முழுக்க வைப்பதானால் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக் காய வையுங்கள், வண்டு கிட்டே வராது. புளி மாசி பங்குனியில் புதுசாக வரும். கொட்டையும் நாரும் எடுத்த புளியை ஒரு வெயில் காட்டி, கல் உப்புத் தூவி, ஜாடியில் அழுத்தி வையுங்கள். ஓட்டோடு வாங்கினால் விலை குறைவு, ஆனால் டவுனில் உட்கார்ந்து தட்ட நேரம் ஏது? புளி தட்டிப் பிழைக்கிற பெண்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் தட்டிய புளியாகவே வாங்குங்கள்.

ரேஷனையும் மறக்காதீர்கள். 2023-ல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு முதலில் ஆரம்பித்தது நம் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும்தான். இங்கே விவசாயிகளிடம் கொள்முதல் செய்த தானியத்தை இங்கேயே கொடுக்கும் ஏற்பாடு அது. உங்கள் கடையில் இருந்தால் வாங்குங்கள். கல் பார்த்து, அரித்து, காய வைத்து, டிரம்மில் உள்ளதோடு கலக்காமல் முதலில் அதை அரைத்துவிடுங்கள்.

அடுத்த தையில் டிரம்மில் பழையது மிச்சம் இருந்தால் புதியதை அதன் மேலே கொட்ட வேண்டாம். பழையதைச் சாக்கில் மாற்றி, ஒரு வெயில் காட்டி, முதலில் அதைத் தீருங்கள். களிக்குப் பழைய கேழ்வரகு நன்றாகவே இருக்கும். காலியான சாக்கை உதறி மடித்து விவசாயியிடமே கொடுத்தால் அடுத்த மூட்டை அதிலேயே வரும்.