இஞ்செராவ தோசைன்னு நெனச்சு சாப்பிடாதீங்க: அடிஸ் அபாபா போறவங்களுக்கு

எத்தியோப்பியாவுல மொத தடவை இஞ்செராவ பாத்தப்ப, யாரோ தோசைய ஊத்திட்டு திருப்பிப் போட மறந்துட்டாங்கன்னுதான் நெனச்சேன். மேல முழுக்க ஆப்பத்துல வர மாதிரி கண்ணு கண்ணா ஓட்டை, கலர் மட்டும் சாம்பலும் பழுப்பும் கலந்தாப்ல. அவங்க அத ஒரு பக்கம்தான் வேகவைப்பாங்க, மறக்கல்லாம் இல்ல.

மாவு டெஃப்ங்கற தானியம், கசகசா சைஸ்தான் இருக்கும். உளுந்தெல்லாம் கிடையாது, போன தடவை புளிச்ச தண்ணிய கொஞ்சம் எடுத்துவச்சு புது மாவுல ஊத்தி ரெண்டு மூணு நாள் புளிக்க விடுவாங்க. அதனால புளிப்பு நம்ம அஞ்சு நாள் மாவு ரேஞ்சுக்கு இருக்கும், ஆறிப்போய்தான் தட்டுக்கு வரும், சூடா மொறுமொறுன்னு எதிர்பாத்தா மொத வாயிலயே மூஞ்சி சுளிச்சிடுவீங்க, நான் சுளிச்சேன். தனியா பிச்சு ருசி பாக்காதீங்க, குழம்போட சேத்து சாப்பிட்டாதான் அந்த புளிப்பு எதுக்குன்னே புரியும்.

சைவம்னா கவலையே வேணாம். அங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன், வெள்ளி விரதம், ஈஸ்டருக்கு முன்னாடி 55 நாள் தொடர்ந்து விரதம், இறைச்சி பால் முட்டை எதுவும் தொடமாட்டாங்க. அதனால "யெ ட்ஸோம் பெயாய்நெட்டு" அப்டின்னு கேளுங்க, விரதச் சாப்பாட்டுல எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்னு அர்த்தம். பெரிய இஞ்செரா மேல காரமான மசூர் பருப்பு, மஞ்சள் போட்ட காரமில்லாத பருப்பு, கீரை, முட்டைகோஸ், பீட்ரூட், கடலமாவு குழம்பு மாதிரி கொதிக்கிற ஷிரோ எல்லாம் வட்டமா வச்சு தருவாங்க. மத்த நாள்ல பருப்புலயும் மசாலா போட்டு உருக்குன நெய் ஊத்த சான்ஸ் இருக்கு, வீகன் ஆளுங்க கேட்டுக்கோங்க.

சாப்பிடறது வலது கையால, அது நமக்கு சொல்லித்தர வேணாம். ஆனா ஒரே தட்டுல எல்லாரும் சாப்பிடுவாங்க, உங்க முன்னாடி இருக்கறத மட்டும் எடுங்க, விரல நக்காதீங்க (இது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு). குழம்பு ஊறுன அடி இஞ்செராவ விட்டுட்டு எழுந்திரிக்காதீங்க, ருசியே அங்கதான்.

திடீர்னு பக்கத்துல இருக்கறவர் ஒரு பெரிய உருண்டைய சுருட்டி உங்க வாய்க்கு நேரா நீட்டுவார். குர்ஷா. பாசத்துல ஊட்டறது, வேணாம்னு தலைய திருப்புனா மனசு கஷ்டப்படுவாங்க. நாப்பது வயசுல ஆபீஸ் ஆளு ஊட்டிவிட்டா கூச்சமாத்தான் இருக்கும், வாய பெருசா தொறந்து வாங்கிக்கோங்க. வயிறு ஃபுல்லானா "பெக்கா", போதும்னு சொல்லலாம், கேப்பாங்கன்னு நம்பாதீங்க.

காலைல ஃபிர்ஃபிர் கெடைக்கும், இஞ்செராவ பிச்சு காரக் குழம்புல பெரட்டுனது, மீந்த இட்லிய உதுத்து தாளிச்ச வீட்டுல வளந்தவங்களுக்கு ஒடனே புடிச்சிடும்.

கிட்ஃபோன்னா பச்சை மாட்டுக்கறி கொத்துனது, மித்மிதா பொடியும் நெய்யும் போட்டு வரும். பச்சையா சாப்பிட்டா நாடாப்புழு ரிஸ்க் இருக்கு. "லெப்லெப்"னு சொன்னா லேசா வதக்கித்தான் தருவாங்க, அதுவும் அரைவேக்காடுதான், நான் முழுசா வேகவைக்கச் சொல்லிட்டேன், சமையல்காரர் பரிதாபமா பாத்தார்.

குடிக்க அம்போ தண்ணி, சோடா மாதிரி கேஸோட இருக்கும், காரத்துக்கு நல்லா இருக்கு. தேஜ் தேன்ல புளிக்கவச்ச மது, இனிப்பா ஜூஸ் மாதிரி எறங்குது, எழுந்து நிக்கறப்பதான் வேலைய காட்டும்.

கடைசியா காப்பி, அங்க புன்னா. யாராச்சும் வீட்டுக்கு கூப்பிட்டா அவசர வேலை வச்சுக்காதீங்க. தரையில பச்சைப்புல்ல பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக்கொட்டைய கண்ணு முன்னாடியே வறுத்து, அந்த பொகைய நம்ம பக்கம் காட்டுவாங்க, கையால இழுத்து மோந்து நல்லாருக்குன்னு சொல்லணும். அப்பறம் இடிச்சு ஜெபெனாங்கற மண் கூஜாவுல கொதிக்கவச்சு சின்ன கப்புல ஊத்துவாங்க, பால் கெடையாது, தொட்டுக்க பாப்கார்ன். மூணு ரவுண்டு: அபோல், தோனா, பெரேக்கா. ஒவ்வொரு ரவுண்டும் நீர்த்துக்கிட்டே போகும், ஆனா மூணாவதுதான் ஆசீர்வாதம், அதுக்கு முன்னாடி கெளம்பக்கூடாது.

டைம கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. அங்க கடிகாரம் காலைல ஆறுலேந்து எண்ணுவாங்க, ஏழு மணின்னா அவங்களுக்கு ஒண்ணு. ஒரு வீட்டுல ரெண்டு மணிக்கு வாங்கன்னாங்க, நான் மத்தியானம் ரெண்டுக்கு போய் நின்னேன், அவங்க சொன்னது காலை எட்டு. ஜெபெனாவ கழுவி கவுத்து வச்சிருந்தாங்க. அந்தம்மா ஒண்ணும் சொல்லல, சிரிச்சுக்கிட்டே மறுபடி பச்சைக்கொட்டைய எடுத்து வறுக்க ஆரம்பிச்சாங்க.