பணம் கட்டி வருபவர்களுக்கு ஜியோகேச்சிங்: கிருஷ்ணகிரி மாந்தோப்பில் முதல் நடை நடத்துவது எப்படி

பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறுகளில் கிளம்பி வருகிறவர்களில் பலர் கிருஷ்ணகிரியைக் கடந்து போகிறார்களே தவிர, இறங்கி நடப்பதில்லை. அணையில் கொஞ்ச நேரம், ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் சவாரி, வறுத்த மீன், பிறகு வீடு. அவர்களை ஒரு அரை நாள் நம் ஊர் மண்ணில் நடக்க வைத்து, அந்த வருமானத்தில் ஒரு பங்கு தோட்டக்காரருக்கும் ஊராருக்கும் போய்ச் சேர வழி செய்ய முடியும். ஜியோகேச்சிங் நடை அதற்கு நல்ல வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதைத் தொழிலாகத் தொடங்க நினைக்கும் உள்ளூர் இளைஞர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

விளையாட்டு இதுதான்: ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சொல்வார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்து வைத்து எண்களை இணையத்தில் போட்டார். தொடக்கம் அதுதான்.

முதலில் நீங்கள் விளையாடுங்கள்

ஜியோகேச்சிங் செயலியை இறக்கி, பெங்களூரிலோ பக்கத்து ஊர்களிலோ இருக்கும் சில பெட்டிகளை நீங்களே தேடிப் பாருங்கள். எண்கள் சரியாக இருந்தும் கடைசிப் பத்தடியில் கை எப்படித் தடுமாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். அந்தச் செயலியின் இணையதளத்தில் இருக்கும் பெட்டிகள் யாரோ ஆசையாக, இலவசமாக வைத்தவை. பெட்டிக்கான பக்கத்தில் வியாபார விளம்பரம் செய்யவும் தளம் இடம் தராது. எனவே காசு வாங்கி நடத்தும் நடைக்கு உங்கள் சொந்தப் பெட்டிகளை, உங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பெட்டிக்கு யாரும் உங்களிடம் காசு தரப்போவதில்லை. தனியாக வந்தால் நுழைய முடியாத தோப்பு, பாதுகாப்பு, ஊரைத் தெரிந்த ஒருவரின் பேச்சு: இந்த மூன்றுக்காகத்தான் அவர்கள் காசு தருகிறார்கள்.

இடம் பார்ப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மலைக்கோட்டை. வேண்டாம். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை கோட்டைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை; அங்கே கல்லிடுக்கில் எதையும் செருகி வைக்கக் கூடாது. பாறை முகட்டில் மலைத்தேனீக்களும் கூடு கட்டியிருக்கும். ஒரு கூட்டத்தை அழைத்துப் போய் அதன் கீழே கல்லைப் புரட்டச் சொல்லக் கூடாது.

காப்புக்காடும் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கூட்டிப் போவது குற்றம். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் என்றால் யானையும் இருக்கிறது. ராகி அறுவடைக் காலத்தில் கூட்டம் கூட்டமாக வயலுக்கு இறங்கும். காட்டை ஒட்டிய பட்டா நிலத்தையும் அந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது மாந்தோப்பு. நிழல் உண்டு, தரை பெரும்பாலும் சமம், வரிசையாக மரங்கள் இருப்பதால் தேடுபவர்கள் தொலைந்து போவதில்லை. கிருஷ்ணகிரி மலை கண்ணில் படும் தோப்பாக அமைந்தால் இன்னும் நல்லது. மலையைக் கை காட்டி, இது பாராமகால் சீமை, 1792 ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ இளம் அதிகாரியாக இந்தச் சீமையில்தான் வரி நிர்வாகம் பழகினார் என்று சொல்லுங்கள்.

தோப்பை முடிவு செய்யும் முன் ஒரு முழு நாள் எல்லை முழுவதும் காலால் நடந்து பாருங்கள். நம் பக்கத்தில் பாம்பைவிடக் கிணற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு, மூடாத ஆழ்துளைக் குழி, கிரானைட் வெட்டி விட்டுப்போன தண்ணீர்ப் பள்ளம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தோப்பிலோ பக்கத்திலோ இருந்தால், வேறு தோப்பு பாருங்கள். கயிறு கட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். செல்போன் திரையைப் பார்த்தபடி நடப்பவர் தரையைப் பார்ப்பதில்லை.

யாரிடம் கேட்க வேண்டும்

நிலத்துக்காரர் சரி என்றால் போதும் என்று நினைப்பீர்கள். மாந்தோப்புகளில் காய்ப்பைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். பூ விட்டதுமே வியாபாரி பேசி முடித்திருப்பார். அந்தக் குத்தகைக்காரரிடமும், காவலுக்கு இருப்பவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். காவல்காரர் மனம் கோணினால் பெட்டி மறுநாள் இருக்காது.

மாதங்களையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். தை, மாசியில் பூவுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடிப்பார்கள். அந்த நேரத்தில் தோப்புக்குள் ஆளைக் கூட்டிப் போகக் கூடாது. மே முதல் ஜூலை வரை அறுவடை, லாரி, கூலியாட்கள் என்று இடமே பரபரப்பாக இருக்கும். ஆகஸ்டுக்குப் பிறகு தோப்பு அமைதியாகிவிடும். ஐப்பசியில் மட்டும் பிற்பகல் இடிமழைக்குப் பயந்து காலை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளூர் காவல் நிலையத்திலும் எழுத்தில் ஒரு தகவல் கொடுத்து வைப்பது நல்லது. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைப் பார்த்து ஊர் பதறுவது இயல்புதான்.

எண்களை எடுப்பது

எண்கள் சரியாக இல்லாவிட்டால் மற்றது எதுவும் பயன்படாது. ஜியோகேச்சிங்கில் வழக்கமாக எழுதும் முறை டிகிரியும் தசம நிமிடமும் (ஒரு டிகிரியின் 60இல் ஒரு பங்குதான் இந்த நிமிடம்). மாதிரிக்கு: வடக்கு 12° 31.250', கிழக்கு 78° 12.900'. கூகுள் மேப்பில் போட வேண்டுமானால் நிமிடத்தை 60ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டுங்கள்: 12.52083, 78.21500. அட்சரேகையில் நிமிடத்தின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர் தள்ளிப் போகும். அதனால் எண்ணை முழுமையாக எழுதுங்கள், சுருக்காதீர்கள்.

திறந்த வானத்தின் கீழ் நல்ல செல்போன் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும். அடர்ந்த மாமரத்தடியிலும் பெரிய பாறைச் சரிவின் ஓரத்திலும் அது கெடும். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி அங்குமிங்கும் குதிக்கும். எனவே பெட்டி வைக்கும் இடத்தில் போனை அசைக்காமல் சில நிமிடம் வைத்து எண்ணைக் குறியுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, வேறொரு நாளில் ஒருமுறை எடுத்துச் சராசரி போடுங்கள். பிறகு அந்த இடம் தெரியாத ஒரு நண்பரிடம் எண்ணை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். அவர் சரியான மரத்தடிக்குப் போய் நின்றால் எண் நல்ல எண்.

டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்; வரைபடம்தான் வராது. ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியில் மாவட்ட வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருந்தால், உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதைப் பயன்படுத்த முடியாது என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

பெட்டியும் குறிப்பும்

மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா போதும். மேலே "விளையாட்டுப் பெட்டி, ஆபத்து இல்லை" என்று எழுதி உங்கள் எண்ணை ஒட்டுங்கள். உள்ளே நோட்டு, பென்சில், சின்னப் பரிசுப் பொருள். தின்பண்டம் கூடாது, எறும்பும் குரங்கும் வந்துவிடும். மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டாம். கையை விட்டுத் துழாவ வேண்டிய பொந்திலும் வேண்டாம். கண்ணால் பார்த்து எடுக்கும்படி வையுங்கள்.

அரை நாளுக்கு நான்கைந்து பெட்டிகள் போதும். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழி சொல்லட்டும். அந்தக் குறிப்பில்தான் உங்கள் ஊர் தெரிய வேண்டும். தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுப்பிரமணிய சிவா அங்கேதான் 1925இல் காலமானார். கிழக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டு, "சிவா மறைந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களை இங்கே நிரப்புங்கள்" என்று எழுதலாம். தேடுகிறவர் ஊரில் யாரையாவது நிறுத்திக் கேட்பார். பேச்சு வளரும், டீ வரும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

நடை நாள்

எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி. காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும் முன் முடியுங்கள். மூடிய காலணி, தண்ணீர், தொப்பி கட்டாயம். பாம்புக்கடி மருந்து அருகில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்பே விசாரித்து வையுங்கள். 108 வண்டி தோப்புக்கு எந்தப் பாதையில் வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டி இருக்கும் மரத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் கண் போகும் திசையைக் குழந்தைகள் உடனே பிடித்துவிடுவார்கள். தேடட்டும், தவறான கல்லைப் புரட்டட்டும். முகம் சோர்கிற நேரத்தில் மட்டும், "வேர் இருக்கிற பக்கம் பார்த்தீங்களா அக்கா?" என்று ஒரு வார்த்தை போதும். அவசரப்பட்டு நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவர்கள் கொடுத்த காசுக்கு அர்த்தமே இல்லை.

மதிய உணவை ஊரிலேயே ஒரு வீட்டில் பேசி வையுங்கள். ராகிக் களியும் கீரைக் குழம்பும் போதும், ஓட்டல் பார்சல் வேண்டாம்.

கணக்கு

தோப்புக்காரர் பங்கு, காவல்காரருக்கு, சமையலுக்கு, வழிகாட்டிக்கு, காப்பீட்டுக்கு என்று எல்லாச் செலவையும் கூட்டி, நான்கே பேர் வந்தாலும் நட்டம் வராத அளவுக்குத் தலைக்குக் கட்டணம் வையுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். குழு விபத்துக் காப்பீடு இல்லாமல் யாரையும் தோப்புக்குள் அழைத்துப் போகாதீர்கள்.

அவர்கள் வண்டி ஏறியதும் மறுபடி தோப்பைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் பாட்டில் எதுவும் கிடக்கக் கூடாது, புரட்டிய கல் பழைய இடத்துக்குப் போக வேண்டும், நனைந்த நோட்டை மாற்ற வேண்டும். தோப்புக்காரர் பங்கை அன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த நடைக்கான தேதியையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.