குறைந்த செலவில் மூழ்கிய கப்பலைப் பார்க்க ஒரு டைவ் பயணம்: தொடக்கக்காரர்களுக்கான திட்டம்

ஸ்கூபா கற்றுக்கொண்ட கையோடு எல்லோருக்கும் வரும் ஆசை இது: கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்த மாதிரிப் பயணத்தில் பணத்தை விழுங்குபவை முக்கியமாக இரண்டு: படகு, ஆழம். இரண்டும் குறைவாக இருக்கும் கப்பலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பலரும் முதலில் ஊரை முடிவுசெய்து, டிக்கெட் போட்டு, போய் இறங்கிய பிறகுதான் அங்கே இருக்கும் கப்பல் 40 மீட்டரில் கிடக்கிறது, தங்கள் சான்றிதழுக்கு எட்டாது என்று தெரிந்துகொள்கிறார்கள். நாம் தலைகீழாகப் போவோம். முதலில் சான்றிதழ், அடுத்து கப்பல், கடைசியில்தான் டிக்கெட்.

1. கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது?

ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கு 18 மீட்டர் ஆழம் வரை. அடுத்த கட்டமான அட்வான்ஸ்ட் முடித்திருந்தால் 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர், அதற்கு ஆழ டைவிங்குக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். கப்பலை வெளியிலிருந்து சுற்றிப் பார்க்க, அது உங்கள் ஆழ எல்லைக்குள் இருந்தால் பொதுவாக இதுவே போதும். உள்ளே நுழைவது வேறு கதை. தலைக்கு மேல் இரும்புக்கூரை வந்துவிட்டால், ஏதாவது நடந்தால் நேராக மேலே போக வழி கிடையாது. முதல் பயணத்தில் உள்ளே போகவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வழிகாட்டி "சின்ன அறைதான், வாங்க" என்று கைகாட்டினாலும் சரி, பயிற்சி இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு வெளியிலேயே நில்லுங்கள்.

உள்ளே போக ஆசை இருப்பவர்கள் அதற்கான கோர்ஸைப் படிக்கலாம். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ரெக் டைவர் (மூழ்கிய கப்பல் டைவிங்) கோர்ஸில் 4 டைவ்கள் உண்டு, அதையும் வெளிச்சம் எட்டும் பகுதிக்குள்தான் சொல்லித்தருவார்கள். செலவைப் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அந்த 4 டைவ்களும் கப்பலில்தான் நடக்கும், அதனால் கோர்ஸுக்குத் தனியாக, சுற்றிப் பார்க்கத் தனியாக என்று இரண்டு முறை பணம் கட்ட வேண்டியதில்லை. பாடப் பகுதியை வீட்டிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டுப் போங்கள். பயண நாளை வகுப்பறையில் செலவழிப்பது வீண்.

கடைசியாக டைவ் செய்து மாதக்கணக்கில் ஆகிவிட்டதா? உள்ளூர் நீச்சல் குளத்தில் ஒரு புத்தாக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இல்லாவிட்டால் போன இடத்தில் முதல் நாளை அதற்கே செலவழிக்கச் சொல்வார்கள், சொல்வதும் நியாயம்தான். குறிப்பாக, ஆடாமல் அசையாமல் ஒரே மட்டத்தில் மிதக்கப் பழகியிருக்க வேண்டும். துருப்பிடித்த தகடுகளுக்குப் பக்கத்தில் மேலும் கீழும் போய்வருவது ஆபத்து.

2. எந்தக் கப்பல்? இதில்தான் பணம் மிச்சமாகும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அலகு) காற்று என்றால் மொத்தம் 2400 லிட்டர். 50 பாரை அவசரத்துக்கென்று விட்டுவிட்டால் கையில் 1800 லிட்டர். நீரின் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு, 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் 40 லிட்டர் செலவாகும், அதாவது 45 நிமிடம். அதே ஆள் 30 மீட்டருக்குப் போனால் அழுத்தம் நான்கு மடங்கு, நிமிடத்துக்கு 80 லிட்டர், 22 நிமிடத்தில் காற்று தீர்ந்துவிடும். அதிலும் இறங்க, ஏற, நடுவில் நிற்க ஆகும் நேரம் போக மிஞ்சுவதுதான் கப்பலுக்கு. காற்று மட்டும் இல்லை, ஆழத்தில் உடலில் சேரும் நைட்ரஜனுக்கான நேரக் கணக்கும் இருக்கிறது: பாடி அட்டவணைப்படி முதல் டைவில் 18 மீட்டரில் 56 நிமிடம் வரை இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான். கட்டணம் என்னவோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆழமான இடத்துக்குக் கூடுதலாகவும் கேட்பார்கள். ஆக, ஆழம் குறைந்த கப்பலில் அதே காசுக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது.

அடுத்து படகு. கரையிலிருந்தே நீந்திப் போகக்கூடிய கப்பல் என்றால் படகுச் செலவே கிடையாது. இந்த வகையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாலியின் துலாம்பெனில் இருக்கும் லிபர்ட்டி. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் இது. கரைக்கு இழுத்து வந்து போட்டுவிட்டார்கள். இருபது வருடத்துக்கும் மேல் கடற்கரையிலேயே கிடந்ததை, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு கடலுக்குள் தள்ளிவிட்டது. அதனால்தான் கரையிலிருந்து சில நிமிட நீச்சலிலேயே வந்துவிடுகிறது. மேல் பகுதி ஐந்து மீட்டரை ஒட்டியே தொடங்குகிறது, அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகிறது. ஓப்பன் வாட்டர் மட்டும் இருப்பவருக்கும் மேல் பாதி முழுவதும் கிடைக்கும். ஒரே ஒரு தொல்லை, கரை முழுக்க உருண்டைக் கற்கள், சிலிண்டரை மாட்டிக்கொண்டு நடப்பது கடினம், கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி அவசியம்.

மால்டாவும் இப்படித்தான். வல்லெட்டாவில் இருக்கும் மாவோரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1942இல் மூழ்கியது, கரையிலிருந்தே போகலாம், ஆழமும் 15 மீட்டரை ஒட்டித்தான். அட்வான்ஸ்ட் முடித்தவர்களுக்கு அங்கேயே உம் எல் ஃபரூத் இருக்கிறது, 1998இல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட எண்ணெய்க் கப்பல். அதுவும் கரை டைவ்தான், ஆனால் அடி 36 மீட்டர்.

படகு வேண்டும் என்றாலும் குறைந்த தூரம் போகும் இடங்கள் உண்டு. சைப்ரஸின் லார்னகாவில் 1980 ஜூனில், முதல் பயணத்திலேயே மூழ்கிய செனோபியா துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. லாரிகளை ஏற்றிக்கொண்டு போன பெரிய கப்பல், இடதுபக்கம் சாய்ந்து கிடக்கிறது. மேல் பக்கம் சுமார் 17 மீட்டர், அடி 42 மீட்டர். பிலிப்பைன்ஸின் கோரோனில் 1944 செப்டம்பர் 24இல் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் ஒரே வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. ஆழம் ஒன்றுக்கொன்று மாறும், அதனால் ஒரே பயணத்தில் எளியதில் தொடங்கி அடுத்ததற்குப் போகலாம்.

இனி, பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம் என்று நான் சொல்பவை. செங்கடலின் திசல்கார்ம் உலகப் புகழ்பெற்றது, 1941 அக்டோபர் 6இல் ஜெர்மன் விமானங்கள் மூழ்கடித்தது, உள்ளே மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் படகில் நெடுந்தூரம், நீரோட்டமும் சில நாள் பலமாக இருக்கும். அது இரண்டாவது பயணத்துக்கு. பசிபிக்கின் சூக் தீவுகளில் ஏராளமான கப்பல்கள், ஆனால் விமானச் செலவே பட்ஜெட்டைத் தின்றுவிடும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய ஹெர்மெஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, பொழுதுபோக்கு டைவர்களுக்கு உரியது இல்லை.

3. தேதி

பருவத்தின் உச்சத்தைத் தவிர்த்து, அதன் தொடக்கத்திலோ முடிவிலோ போங்கள். கடல் நன்றாகவே இருக்கும், கூட்டமும் விலையும் குறையும். பருவம் முடிந்த பிறகு போய் மலிவு என்று மகிழ்ந்தால், கலங்கிய நீரில் கப்பல் இருப்பதே தெரியாது. வார நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

4. டைவ் சென்டருக்கு எழுத வேண்டிய கடிதம்

இணையத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். மலிவாகத் தெரிவதில் பாதி, படகு, எடைக்கட்டிகள், நுழைவுக் கட்டணம், வழிகாட்டி எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்க்கும்போது மேலே போய்விடும். இரண்டு மூன்று சென்டர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பி ஒப்பிடுங்கள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நாங்கள் இரண்டு பேர், இருவருக்கும் அட்வான்ஸ்ட் சான்றிதழ், இத்தனை டைவ்கள் முடித்திருக்கிறோம், கடைசி டைவ் இந்த மாதத்தில். மூன்று நாளில் ஆறு டைவ்கள் செய்ய நினைக்கிறோம், உள்ளே நுழையும் எண்ணம் இல்லை. சிலிண்டர், எடை, வழிகாட்டி, படகு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? சொந்தமாக ரெகுலேட்டர் (சுவாசக் கருவி), பிசிடி (மிதவைச் சட்டை) கொண்டுவந்தால் எவ்வளவு குறையும்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? வானிலை மோசமாகி ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவீர்களா? படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா?"

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே சென்டரை எடைபோட்டுவிடலாம். மழுப்பினால் அடுத்த சென்டருக்குப் போய்விடுங்கள், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். அப்புறம், டைவ்களை ஒவ்வொன்றாக வாங்காமல் தொகுப்பாகக் கேட்டால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். ஆனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுவதற்கு முன் ரத்து விதியைப் படியுங்கள்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்ஸிஜன் கூடுதலாக உள்ள காற்று, வேண்டுமா என்று கேட்பார்கள். 32 சதவீத ஆக்ஸிஜன் கலவை நைட்ரஜன் நேரத்தை நீட்டிக்கும், காற்றின் அளவை நீட்டிக்காது. 12 மீட்டரில் சுற்றும் தொடக்கக்காரருக்குக் காற்றுதான் முதலில் தீரும், ஆகவே காசு கொடுத்து வாங்குவதில் லாபமில்லை. இலவசமாகத் தந்தால், அதற்கான சான்றிதழும் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க்கை வாங்கிவிடுங்கள். அடுத்து டைவ் கம்ப்யூட்டர். ரெகுலேட்டரும் பிசிடியும் வருடத்தில் ஒரே ஒரு பயணம் போகிறவர்களுக்கு வாடகையே லாபம், விமானத்தில் எடைக்குக் கட்டும் கூடுதல் பணமும் மிச்சம். கப்பல் என்பதால் மேலும் மூன்று சாமான்கள் வேண்டும்: ஒரு டார்ச், மீன்பிடி நைலானை அறுக்க ஒரு சின்னக் கட்டர், மேலே வரும்போது படகுக்கு அடையாளம் காட்டும் மிதவைக் குழாய். பழைய வலைகளும் தூண்டில் கயிறுகளும் மூழ்கிய கப்பலில் சிக்காமல் இருப்பதே அபூர்வம், அதனால் கட்டரை எந்தக் கையாலும் எடுக்கிற இடத்தில் மாட்டுங்கள். டார்ச்சின் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், உதிரி பேட்டரிகளைப் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

6. காப்பீட்டில் கைவைக்காதீர்கள்

சாதாரணப் பயணக் காப்பீடு டைவிங்கைத் தவிர்த்திருக்கலாம், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கலாம். அழுத்த அறைச் சிகிச்சை, அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவு, இரண்டும் உள்ளனவா என்று பாருங்கள். டைவர்களுக்கென்றே டேன் மாதிரி அமைப்புகள் தரும் காப்பீடு இருக்கிறது. மொத்தப் பயணச் செலவில் இது சின்னத் தொகைதான்.

7. தண்ணீருக்குள்

கப்பலின் மேல் தளத்தில் மெல்லிய மாவு மாதிரி வண்டல் படிந்திருக்கும். நீச்சல் துடுப்பை மேலும் கீழும் அடித்தால் அது எழும்பி, சில நொடியில் முன்னால் போகிறவரின் துடுப்பு நுனி மட்டும்தான் தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது. முழங்காலை மடித்து, பக்கவாட்டில் தவளை மாதிரி உதையுங்கள், கால் எப்போதும் உடலைவிடச் சற்று மேலே இருக்கட்டும். எதையும் பிடிக்காதீர்கள், தகடுகளின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். நங்கூரக் கயிறு வழியாக இறங்கியிருந்தால் அந்தக் கயிறு கப்பலின் எந்தப் பகுதியில் கட்டியிருக்கிறது என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டு நகருங்கள். நீரோட்டத்தை எதிர்த்து முதலில் போய், திரும்பும்போது அதோடு வாருங்கள். காற்று எத்தனை பாராகும்போது திரும்புவது என்று இறங்கும் முன்னரே கூட வருபவரோடு பேசி முடித்துவிடுங்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று மேலே வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எதையும் எடுத்து வராதீர்கள், ஒரு போல்ட் கூட. போரில் மூழ்கிய கப்பல்கள் பலவும் ஆட்கள் இறந்து புதைந்த இடங்கள். பிரிட்டனில் இதற்கென்றே 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1911இல் மூழ்கிய யொங்காலாவில் உள்ளே நுழையவே தடை.

8. திரும்பும் நாள்

டிக்கெட் போடும்போதே இதை யோசிக்க வேண்டும். பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம். நான் ஒரு முழு நாளே விட்டுவிடுவேன். அதிகாலை விமானம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிட்டு, கட்டிய டைவ்களில் ஒன்றை இழப்பவர்கள் உண்டு. அந்த நாளில் சாமான்களை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள், ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் எடையும் ஏறும், நாற்றமும் அடிக்கும். அப்படியே பதிவேட்டில் ஒவ்வொரு டைவிலும் எந்த ஆழத்தில், எத்தனை நிமிடத்தில், எத்தனை பார் செலவானது என்று எழுதிவிடுங்கள். மேலே போட்ட கணக்கில் 20 லிட்டர் என்று நான் வைத்த இடத்தில் உங்கள் சொந்த எண் வந்துவிடும், அடுத்த கப்பலை அதை வைத்துத் தேடலாம்.